கிரெத்தேசியக் கால அமோனைற்று உயிர்ச்சுவடுகள்: கொழும்பிலிருந்து நூல்களையும் நிபுணர்களையும் தேடுவது எப்படி?

வெள்ளவத்தை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் விலங்கியல் சிறப்புக் கற்கையின் இறுதி ஆண்டு மாணவி. திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கிடைக்கும் கிரெத்தேசியக் கால (டைனோசர் யுகத்தின் இறுதிக் காலம்) அமோனைற்றுகளை, அதாவது கல்லாகிப்போன சுருள் ஓட்டுக் கடல் உயிரினங்களை, என் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அரியலூர்ப் பக்கத்தில் சீமெந்துத் தொழிலில் இருந்த என் மாமா தந்த இரண்டு கற்களைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது.

ஒன்று உள்ளங்கை அளவு. அதன் பக்கங்களில் தடித்த விலாக்கள் ஓடுகின்றன. விலாக்களின் மேல் சிறு முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. வெளி விளிம்பின் நடுவே கூரான மேடு ஒன்று சுற்றிவருகிறது. அதனோடு இருந்த துண்டுக் கடதாசியில் 'காரை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. மற்றையது சிறியது. அதன் வெளி விளிம்பு உருண்டையானது, விலாக்கள் மெல்லியவை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சில இடங்களில் நூலால் இறுக்கிக் கட்டியது போலச் சாய்வான பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. அதற்கு ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. இரண்டையும் நான் இன்னும் கழுவவில்லை.

எங்கள் துறையில் உயிர்ச்சுவட்டியலில் ஈடுபட்டவர்கள் இல்லை. வெளியிலிருந்து தகுதியான உதவி கிடைக்கும் என்று காட்டினால் சம்மதிப்பதாக மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடினால் விற்பனைத் தளங்களே முன்னால் வந்து நிற்கின்றன. எந்த நூல்களிலிருந்து தொடங்குவது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாவேன்.

பேராதனைப் பழைய மாணவர்

பிள்ளை, எடுத்த தலைப்பு நல்ல தலைப்பு. முதலில் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியன் காலத்துக்கு முந்திய பளிங்குருப் பாறை. அதில் உயிர்ச்சுவடு தேடிப் பயனில்லை. தப்போவை, ஆண்டிகமப் படிவுகள் யுராசிக் காலத்துத் தாவரச் சுவடுகளைக் கொண்டவை, அவை கடற்படிவுகளும் அல்ல. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, அமோனைற்றுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்து, நீண்ட காலம் கழித்துப் படிந்தது. நமது பக்கத்துக் கிரெத்தேசியப் படிவுகள் மன்னார், காவேரி வடிநிலங்களில் கடலுக்கு அடியிலும் ஆழத்திலும் கிடக்கின்றன. 1970களில் பேசாலையில் துளையிட்டார்கள். 2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டார்கள். ஆனால் துளைக் கிணற்றிலிருந்து மேலே வருவது பெரும்பாலும் சில மில்லிமீற்றர் துணுக்குகள்தாம். அவற்றில் நுண்ணுயிர்ச்சுவடுகளைப் பார்க்கலாம். முழு அமோனைற்றை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே இந்தத் துறையில் கொழும்பில் ஆள் குறைவாக இருப்பது இயல்பானதே. அதே காவேரி வடிநிலத்தின் மேற்கு விளிம்பு தமிழ்நாட்டில் நிலத்துக்கு மேலே தெரிகிறது; உலகின் முக்கியமான கிரெத்தேசிய அமோனைற்றுப் பகுதிகளில் அதுவும் ஒன்று. படிவுகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரிப்பார்கள். இந்தப் பிரிவு 1862இல் பிளான்ஃபோர்ட் வெளியிட்ட நில அளவை அறிக்கையிலிருந்து வருவது. கிரெத்தேசியக் காலத்தின் உட்பிரிவுகளைக் கட்டங்கள் என்பார்கள்; ஊட்டத்தூர்த் தொகுதி அல்பியன் கட்டத்திலிருந்து தூரோனியன் கட்டத்தின் தொடக்கம் வரையும், அரியலூர்த் தொகுதி கிரெத்தேசியக் காலத்தின் இறுதிக் கட்டமான மாஸ்ட்ரிக்ற்றியன் வரையும் செல்கின்றன. இந்தச் சட்டகம் மனத்தில் பதியாமல் எந்த நூலைத் திறந்தாலும் பெயர்கள் குழம்பும்.

நூல்களைக் கால வரிசையில் வாசிக்கச் சொல்வேன். சென்னை அரசாங்க சேவையில் இருந்த கே என்பவரும் அவருடைய நண்பர் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். அடுத்து வந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838இல் மொராவியாவில் பிறந்து, 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 1863 முதல் 1866 வரை தென்னிந்திய அமோனைற்றுகளைத் தட்டுப் படங்களோடு பகுதி பகுதியாக வெளியிட்டவர். 1874இல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயதே ஆகியிருந்தது. அந்தக் குறுகிய வாழ்நாளில் அவர் செய்து வைத்த வேலை இன்றைக்கும் உங்கள் மேசையில் திறந்திருக்க வேண்டியது.

ஆனால் ஸ்டோலிச்கா காலத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 'அமோனைற்றெஸ்' என்ற ஒரே சாதிக்குள் (நெருங்கிய இனங்களைச் சேர்க்கும் வகைப்பாட்டுப் பிரிவு) வைத்தார்கள். அந்தப் பெயர்களை அப்படியே இன்றைய கட்டுரையில் எழுத முடியாது. 1895 முதல் 1898 வரை வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட திருத்தாய்வு அங்கேதான் தேவைப்படுகிறது. ஸ்டோலிச்காவின் 'அமோனைற்றெஸ் தியோபால்டியானஸ்' இன்று 'கோஸ்மாட்டிசெராஸ் தியோபால்டியானம்'. அந்தச் சாதி கோஸ்மாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

கொட்டாஞ்சேனை நூலகர்

ஐயா குறிப்பிட்டவற்றைப் பெறும் வழியை நான் சொல்கிறேன். ஸ்டோலிச்காவின் தொகுதி 'பேலியன்டோலொஜியா இண்டிகா' வரிசையில் வந்தது. அது காப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் பயோடைவர்சிற்றி ஹெரிற்றேஜ் லைப்ரரி, இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய தளங்களில் இலவசமாகத் தேடலாம். ஆசிரியர் பெயரைவிட வரிசையின் பெயரைக் கொண்டு தேடுவதே நல்லது. பல தொகுதிகள் ஒரே பதிவுக்குள் அடங்கியிருக்கும். பதிவிறக்கும்போது படத்தட்டுகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே நூலை வெவ்வேறு நூலகங்கள் வருடியிருந்தால், எழுத்துக்காக ஒரு பிரதியையும் படங்களுக்காக இன்னொரு பிரதியையும் வைத்துக்கொள்ள வேண்டி வரும்.

சாதி மட்டத்தில் இன்றைய வகைப்பாட்டை அறிய, 'ட்ரீட்டிஸ் ஒன் இன்வெர்ட்டிபிரேட் பேலியன்டொலொஜி' வரிசையில் 1996இல் வந்த கிரெத்தேசிய அமோனைற்றுத் தொகுதியே அடிப்படை. அதன் முதன்மை ஆசிரியர் சி. டபிள்யூ. ரைட் தொழிலால் பிரித்தானிய அரசாங்க உயர் அதிகாரி. அமோனைற்று ஆய்வை ஓய்வு நேரத்தில் செய்து உலகின் முதல் வரிசை நிபுணர்களில் ஒருவரானவர். மடகாஸ்கர் அமோனைற்றுகளைப் பெரும் படத்தொகுப்பாக வெளியிட்ட மொரிஸ் கொலின்யோன் பிரெஞ்சு இராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். துறைப் பட்டம் இல்லையே என்று தயங்கும் எவருக்கும் இந்த இருவரையும் எடுத்துச் சொல்வது என் வழக்கம். மடகாஸ்கர் நூல் உங்களுக்கு நேரடியாகவும் உதவும். அக்காலத்தில் இரு பகுதிகளும் ஒரே கடற்பரப்பின் ஓரத்தில் இருந்ததால், தென்னிந்திய இனங்கள் பல அங்கேயும் கிடைக்கின்றன.

ஃபோர்ப்ஸ் விவரித்த புதுச்சேரிப் பகுதி அமோனைற்றுகளைக் கென்னடியும் ஹெண்டர்சனும் 1992இல் 'பேலியன்டொலொஜி' இதழில் இரு கட்டுரைகளாக மீளாய்வு செய்தார்கள்; ஒன்று வழக்கமான சுருள் வடிவங்களைப் பற்றியது, மற்றையது கோல் போன்றும் கொக்கி போன்றும் வளர்ந்த வடிவங்களைப் பற்றியது. அந்த இதழின் பழைய தொகுதிகள் பேலியன்டொலொஜிக்கல் அசோசியேஷன் தளத்தில் திறந்தே இருக்கின்றன. ஓர் இனத்தை எப்படி விவரிப்பது, பழைய பெயர்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதற்கு அவற்றைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது. இவற்றோடு 'பேலியோபயோலொஜி டேட்டாபேஸ்' என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடினால், அந்த ஊரிலிருந்து பதிவான இனங்களும் மூலக் கட்டுரைகளும் வரிசையாக வரும். அந்தப் பட்டியலை அடைவாக மட்டும் பயன்படுத்துங்கள். மூலத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் மேற்கோளாக எழுதாதீர்கள்.

கொழும்பில் அச்சுப் பிரதி தேடுவதானால் தேசிய நூதனசாலை நூலகத்துக்கும், பிட்டகோட்டையில் உள்ள புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்துக்கும் துறைத் தலைவரின் கடிதத்தோடு செல்லுங்கள். அந்தப் பணியகத்தின் மூல வேர் 1903இல் தொடங்கிய கனிப்பொருள் அளவை. அதன் முதல் இயக்குநர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்காக நாம் போற்றும் அவர் பயின்று வந்தது புவிச்சரிதவியல் என்பதை நம் மாணவர்களில் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தமே.

அரியலூர்க்காரர், தெஹிவளை

நான் பிறந்து வளர்ந்தது அந்த மண்ணில். வேலை நிமித்தம் இங்கே இருக்கிறேன். 'காரை' என்பது பெரும்பாலும் பெரம்பலூர் மாவட்டத்தின் ஆலத்தூர்ப் பக்கத்துக் காரையாக இருக்கும். ஊட்டத்தூர்த் தொகுதியின் களிமண் படிவுகளுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஓடைகள் அறுத்த வெற்று நிலம். மழை பெய்து ஓய்ந்தால் பெலம்னைற்று (கணவாய் போன்ற, அழிந்துபோன உயிரினம்) துண்டுகளும் பொஸ்பேற்று உருண்டைகளும் மேலே கிடக்கும். ஆனால் காரை என்ற பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் உள்ளன. மாமாவிடம் இப்போதே கேளுங்கள், தங்கச்சி. தானே எடுத்தாரா, வேறு யாராவது கொடுத்தார்களா, எந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினார், தோராயமாக எந்த ஆண்டு என்று கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதித் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தெரியாத கல்லை எவ்வளவு பெரிய நிபுணரிடம் காட்டினாலும் பாதிப் பதில்தான் வரும்.

பழைய நூல்களில் ஊர்கள் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கின்றன. 'ஓடியம்' என்று வாசிக்கத்தக்கதாக இருப்பது ஓதியம். 'ஒட்டகோட்' என்று இருப்பது அரியலூர் அருகே உள்ள ஒட்டக்கோவில். 'பாக்கிடிஸ்கஸ் ஒட்டகோடென்சிஸ்' என்ற இனப் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. அரியலூரின் பெயரிலும், ஊட்டத்தூரின் பெயரிலும் இப்படி அமோனைற்றுகள் உண்டு. இந்தப் பழைய ஊர்ப் பெயர்களை இன்றைய வருவாய்க் கிராமங்களோடும் வரைபடத்தோடும் பொருத்தித் தருவது தமிழ் அறிந்த ஒருவரால் நேர்த்தியாகச் செய்யக்கூடிய வேலை. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் அது பயன்படும்.

ஆட்களைப் பொறுத்தவரை, திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புவியியல் துறைகள் உள்ளன. தமிழ்நாட்டுப் புவியியல் மாணவர்களில் பலர் களப்பயிற்சிக்காக இந்தப் படிவுகளுக்கு வந்தவர்கள்தாம். அரியலூர் மாவட்டத்தில் வாரணவாசியில் அரசு உயிர்ச்சுவடு அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில், 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் பதினெட்டு மீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அது மரமாயினும், கடற்படிவுக்குள் கிடப்பதால் அன்றைய கரை எங்கே இருந்தது என்று யோசிக்க வைக்கும்.

பம்பலப்பிட்டி வாசகர்

இவ்வளவு சுற்ற வேண்டுமா என்று கேட்கிறேன். ஃபோர்ப்ஸ் விவரித்த மூலக் கற்கள் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. அங்கேயே நேரடியாகப் படங்களை அனுப்பிப் பெயரைக் கேட்டுவிடலாமே. இன்னொன்று, எங்கள் வீட்டுப் பூசை அறையில் பாட்டனார் காலத்துச் சாளக்கிராமம் ஒன்று இருக்கிறது. அதுவும் அமோனைற்றுத்தான் என்கிறார்கள். ஒப்பிடுவதற்கு உதவும் என்றால் வந்து பார்க்கலாம்.

பேராதனைப் பழைய மாணவர்

தம்பி, சாளக்கிராமத்தைக் காட்ட முன்வந்ததற்கு நன்றி. நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் வரும் அந்தக் கற்களில் உள்ள அமோனைற்றுகள் பெரும்பாலும் யுராசிக் காலத்தின் பிற்பகுதிக்கு உரியவை; காரைப் படிவைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை. இந்த ஆய்வுக்கு நேரடி ஒப்பீடு ஆகாது. வீட்டில் வழிபாட்டில் இருப்பதை அப்படியே இருக்க விடுங்கள்; உடைத்தோ அமிலம் இட்டோ பார்க்க வேண்டாம்.

லண்டன் விடயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. நூதனசாலைப் பொறுப்பாளரின் வேலை தன் சேகரத்தைக் காப்பது. 'ஃபோர்ப்ஸின் இன்ன இனத்துக்கான மூல மாதிரி உங்களிடம் எந்தப் பதிவு எண்ணில் உள்ளது, அதன் வெளி விளிம்பின் படம் கிடைக்குமா' என்று கேட்டால் அவர் மனமுவந்து உதவுவார். 'என் கல் என்ன' என்று கேட்டால் அது அவருடைய வேலைக்கு வெளியே போகிறது. இனத்தைப் பிரித்தறிபவர் ஒருவர், படிவின் அடுக்கை அறிந்தவர் இன்னொருவர், மூலக் கற்களைப் பாதுகாப்பவர் வேறொருவர். ஸ்டோலிச்காவின் மூலக் கற்கள் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் உள்ளன என்பதால் அங்கேயும் ஒரு கதவு இருக்கிறது. எந்தக் கேள்வி யாருக்கு உரியது என்று பிரித்துக்கொண்டால் பதில் வரும். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால் எவருமே தனக்கு எழுதியதாக நினைக்க மாட்டார்கள்.

பெயர்களைத் தேடப் பல்கலைக்கழக இணையப் பக்கங்களை நம்ப வேண்டாம்; அவற்றில் பல பழையவை. அண்மை ஆண்டுகளில் ஸ்டோலிச்காவையும் கோஸ்மாட்டையும் மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் தேடி, அவற்றில் தொடர்புக்கு உரியவராகக் குறிக்கப்பட்டிருப்பவருக்கு எழுதுங்கள். லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தையும், அதே நகரில் உள்ள இந்தியத் தொல்லுயிரியல் சங்கத்தின் இதழையும் தவறாமல் பாருங்கள். இங்கே பேராதனைப் புவிச்சரிதவியல் துறையையும் இணை மேற்பார்வைக்கு அணுகலாம். அமோனைற்று நிபுணர் கிடைக்காவிட்டாலும், படிவியலைச் சரிபார்க்க ஒருவர் கிடைப்பார். உங்கள் மேற்பார்வையாளருக்கு வேண்டிய உறுதியும் அதுதான்.

வெள்ளவத்தை மாணவி

மிக்க நன்றி ஐயா, அக்கா, அண்ணா. மாமாவிடம் பேசினேன். காரைக் கல்லைத் தானே ஓடைக் கரையில் எடுத்ததாகவும், சிறிய கல்லை உடன் வேலை செய்தவர் கொடுத்ததாகவும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு ஐயங்கள். காரைக் கல்லின் ஓடு சில இடங்களில் உதிர்ந்திருக்கிறது. அங்கே இலை விளிம்பு போல மடிப்பு மடிப்பாகக் கோடுகள் தெரிகின்றன. நிபுணருக்கு எழுதும்போது இவற்றில் எதைப் படமாக்கி அனுப்ப வேண்டும்? ஊர் தெரியாத சிறிய கல்லை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டுமா?

பேராதனைப் பழைய மாணவர்

நீக்க வேண்டாம், பிள்ளை. கழுவாமல் வைத்திருப்பதாக எழுதினீர்களே, அது பெரிய நன்மை. சுருளின் நடுக் குழியில் களிமண் ஒட்டியிருந்தால், சுத்தமான ஊசியால் ஒரு சிட்டிகை எடுத்து மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள். கடலில் மிதந்து வாழ்ந்த பாசிகளின் சுண்ணத் தகடுகள் அந்தச் சிட்டிகை மண்ணிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். நுண்ணுயிர்ச்சுவட்டியலாளர் ஒருவர் நுண்நோக்கியில் அவற்றைப் பார்த்து, எந்தக் கட்டத்துப் படிவு என்று வரையறுக்க முடியும். உங்கள் விவரிப்பில் உள்ள சாய்வான பள்ளங்களும் மெல்லிய விலாக்களும் கோஸ்மாட்டிசெராஸ் குடும்பத்தை நினைவூட்டுகின்றன. ஆனால் படத்தைக்கூடப் பார்க்காமல் நான் பெயர் சூட்ட மாட்டேன். மண் அல்பியன் கட்டத்தைக் காட்டினால் அந்தத் திசையே மாறிவிடும்.

காரைக் கல்லைப் பற்றி: வெளி விளிம்பில் மேடு, முடிச்சுள்ள விலாக்கள், காரைக் களிமண் என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது மோர்ட்டோனிசெராஸ் சாதி. ஸ்டோலிச்கா 'அமோனைற்றெஸ் இன்ஃபிளாட்டஸ்' என்று படம் போட்டிருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். நீங்கள் கண்ட மடிப்புக் கோடுகள் உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள். இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிரினமான நோட்டிலஸில் அந்தக் கோடு எளிய வளைவாக இருக்கும். அமோனைற்றில் பிளவுபட்டுச் சிக்கலாக இருக்கும். வகைப்பாட்டில் அது முக்கியமான சான்று. விலங்கியல் மாணவி என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: தோற்றத்தில் நோட்டிலஸை ஒத்திருந்தாலும், உறவில் அமோனைற்றுகள் கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்குமே நெருக்கமானவை. உங்கள் முன்னுரைக்கு அது நல்ல தொடக்கம்.

ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத் தோற்றம், வெளி விளிம்பு, வாய்ப்பக்கம் என்று மூன்று படங்கள் போதும். மூன்றிலும் மில்லிமீற்றர் அளவுகோல் இருக்க வேண்டும், வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து விழ வேண்டும். வெளி விளிம்பின் படம் இல்லாத கடிதங்களே நிபுணர்களைச் சலிப்படையச் செய்பவை. விட்டம், கடைசிச் சுற்றின் உயரம், அகலம், நடுக் குழியின் அகலம், அரைச் சுற்றில் உள்ள விலாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு வரியில் கொடுங்கள். கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும். 'இன்ன தட்டில் உள்ள இன்ன படத்தோடு ஒப்பிட்டேன். விலா அமைப்பு ஒத்துப்போகிறது, முடிச்சுகளின் வரிசை ஒன்று குறைகிறது. இது வளர்ச்சிக் கட்டத்து வேறுபாடா, வேறு இனமா' என்று கேட்கும் மாணவிக்கு, வேலைப்பளு மிகுந்த பேராசிரியரும் பதில் எழுதுவார்.

கொட்டாஞ்சேனை நூலகர்

ஒப்பீட்டுக்காகக் கடைகளிலோ இணையத்திலோ அமோனைற்று வாங்க நினைக்காதீர்கள். சந்தைக்கு வரும் மடகாஸ்கர்க் கற்கள் பல மெருகூட்டப்பட்டவை அல்லது இரண்டாக அறுக்கப்பட்டவை. மேற்பரப்பின் விலாக்களும் முடிச்சுகளும் தேய்ந்துபோயிருக்கும், ஊர் விவரமும் இருக்காது. நல்ல தட்டுப் படத்தின் அச்சுப் பிரதி அதைவிடப் பயன் தரும். கோஸ்மாட்டின் ஜெர்மன் நூலைக் கண்டு அஞ்ச வேண்டாம். இனத்துக்கு இனம் அமைப்பு ஒன்றே என்பதால், வருடிய எழுத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டுப் பத்தி பத்தியாகப் படிக்கலாம். எண்களையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை மாணவி

மேற்பார்வையாளரிடம் இந்த இழையைக் காட்டினேன். தலைப்பை 'ஸ்டோலிச்கா விவரித்த ஊட்டத்தூர்த் தொகுதி அமோனைற்றுகள்: இன்றைய பெயர்களும் ஊர்களும்' என்று சுருக்கி, இரண்டு கற்களையும் பின்னிணைப்பாக வைக்கச் சம்மதித்துவிட்டார். படங்களில் விலாக்கள் தெளிவாக வரவில்லை; கல்லின் நிறம் திட்டுத் திட்டாக இருப்பதால் நிழல் மறைந்துபோகிறது. இதற்கு வழி உண்டா ஐயா?

பேராதனைப் பழைய மாணவர்

நல்ல தலைப்பு, ஓர் ஆண்டுக்குள் முடிக்கத்தக்கது. நிறத் திட்டை மறைக்க, அமோனியம் குளோரைட்டைச் சூடாக்கி, எழும் வெண்புகையைக் கல்லின் மேல் மெல்லியதாகப் படிய விடுவது இத்துறையின் வழக்கம். நம்மவர் நவச்சாரம் என்பது இதுதான். கடை நவச்சாரத்தில் கலப்பு இருக்கலாம். இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் தூய்மையானதைக் கேட்டு வாங்கி, அங்கேயே புகை உறிஞ்சும் அறைக்குள், பழகிய ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். களிமண் சிட்டிகையை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். படம் எடுத்தவுடன் வடித்த நீரால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். கல்லில் மஞ்சள் உலோகப் பளபளப்பு, அதாவது பைரைற்று, தெரிந்தால் இந்த முறையே வேண்டாம். கழுவும்போது தவறிப்போகாதபடி, இரண்டு கற்களுக்கும் இப்போதே எண் கொடுத்து, அதே எண்ணைக் குப்பியிலும் மாமாவின் கூற்றை எழுதிய தாளிலும் குறித்துவிடுங்கள். 'காரை' என்று எழுதிய அந்தத் துண்டுக் கடதாசியையும் எறியாமல், அதே எண்ணோடு ஓர் உறைக்குள் இடுங்கள். படங்கள் தயாரானதும் இங்கே பதிவிடுங்கள். வெளி விளிம்பின் படத்தை முதலில்.